பேசினுக்கு வைத்த மருந்து

மருந்து வைத்தேன்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் குதிரைக்கு வைத்தேன். என் மாமியார் உபகாரமேரி பங்குச் சாமியார் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாரே, அந்த மாதிரி புருஷனுக்கு வைக்கவில்லை. ஸ்டான்லிக்கு எதற்கு மருந்து? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் காய்ச்சல் தலைவலிக்கு அல்ல. பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுத்துப் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்வது. ஏற்கெனவே கைக்குள் இருக்கிற ஆளுக்கு அதை யாராவது வைப்பார்களா? இந்தச் சின்னக் கேள்வியை அந்த அம்மா தன்னையே ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு இத்தனை அவமானம் வந்திருக்காது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட். பொம்மை போடுகிறோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும், கொலுவுக்குப் பிள்ளையாரும் செட்டியார் செட்டும், ஆர்டர் வந்தால் நாய்க்குட்டியும் உண்டு. அச்சில் வார்ப்பதும் சூளையில் வேக வைப்பதும் ஸ்டான்லியின் வேலை. பொம்மைக்குக் கண் எழுதுவது, வேலையாட்களைத் திட்டுவது, கடைக்காரனைத் திட்டுவது, கரண்ட் போனால் கரண்டைத் திட்டுவது எல்லாம் என் வேலை. ஃப்ளோரா வாயைத் திறந்தால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சென்னைக்குப் பொம்மை ஏற்றிக்கொண்டு போன ஸ்டான்லி, திரும்பி வரும்போது லாரியில் ஒரு குதிரையோடு வந்து இறங்கினார். ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரை. கால் நரம்பு கொஞ்சம் வீக்கம், இனிமேல் ஜெயிக்காது என்று கழித்துவிட்டார்களாம். மங்கலம்பேட்டையில் வீட்டுக்கு வீடு துபாய், சவூதி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு அலைகிறார்கள், சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை, நாம் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மனுஷன் செய்த ஒரே காரியம் அதுதான். ஒரு வாரம் திட்டினேன்.

அதன் காகிதத்தில் பெயர் 'மை பேஷன்ஸ்' என்று போட்டிருந்தது. பொறுமை என்று அர்த்தம். மாமியார் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"பேசினா? எஸ்டேட்டு முச்சூடும் வாஷ் பேசினுதான் செய்யுறானுங்க. இது காலு வச்ச பேசினா?"

அன்றிலிருந்து அதற்குப் பேசின் என்றே பெயர். பொறுமையைத் தவிர எல்லாம் அதனிடம் இருந்தது. வந்த மறுநாளே சூளையின் இரும்புக் கதவை வேலையாள் டமார் என்று சாத்தினான். ரேஸில் கேட்டைத் திறக்கிற சத்தம் என்று நினைத்துவிட்டது போல. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எதிரே பலகை பலகையாகக் குழந்தை இயேசு காய்ந்துகொண்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. "கட்டையில போறவனே, நில்லுடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முதல் பலகைக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றது. சுவரைப் பார்த்து நின்றது என்றார் ஸ்டான்லி. அந்தோணியார் நிறுத்தினார் என்றார் மாமியார். நானும் அந்தோணியார்தான் என்று நினைத்து மெழுகுவத்தி ஏற்றினேன்.

கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டி நடுங்கிக்கொண்டு நின்றதே, அப்போதுதான் எனக்கு அதைப் பிடித்துப் போனது. ஆளாளுக்கு அதனிடம் "அடங்கு, அடங்கு" என்றார்கள். அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கம்மா சொன்னார், சிஸ்டர்கள் சொன்னார்கள், மாமியார் தினமும் சொல்கிறார். பாவம், இதற்கும் என் வியாதிதான் என்று தோன்றியது. நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். என் முந்தானையைத் தின்றது.

ரேஸ் குதிரையைக் கல்யாணக் குதிரை ஆக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓடவே பழக்கிய பிராணிக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டும். ஸ்டான்லி டேப் ரிக்கார்டரில் பேண்டு வாத்தியம் போட்டுக்கொண்டு எஸ்டேட்டுக்குள் அதை நடத்திப் பார்த்தார். ஜிகினா துணி போர்த்திப் பார்த்தார். ஏதாவது ஒரு யூனிட்டில் ஏதாவது ஒரு இரும்பு மோதும். உடனே பேசின் புறப்பட்டுவிடும், பின்னாலேயே ஸ்டான்லியும் இழுபட்டுப் போவார். இதற்குள் மங்கலம்பேட்டை கவுஸ் பாய் தன் மூத்த பையன் கல்யாணத்துக்குக் குதிரை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இந்தக் கல்யாணத்துல ஒழுங்கா நடக்கலைன்னா திட்டக்குடி மாணிக்கவேலுகிட்ட குடுத்துடலாம், ஃப்ளோரா" என்றார் ஸ்டான்லி. "நம்மால ஆவாது."

மாணிக்கவேல் பேண்டு செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். அவனிடம் முன்னால் ஒரு குதிரை இருந்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, வாயில் பிராந்தியை ஊற்றி ஊர்வலம் விடுவான். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. "என் பொணத்து மேலதான் அவன் இதை ஓட்டிக்கிட்டுப் போவணும்" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை டாக்டர் குஞ்சிதபாதத்தைக் கூட்டி வந்து காட்டினேன். சிதம்பரத்துக்காரர், நிதானமான மனுஷர். பேசின் அவர் குடையைக் கடித்துத் துப்பிய பிறகும் கோபப்படவில்லை.

"சென்னையில ஒரு பவுடர் கிடைக்கிறதும்மா. தாது உப்பெல்லாம் கலந்தது. தீவனத்துல போட்டா கொஞ்சம் படபடப்பு அடங்கும். வரவழைச்சுத் தரேன்."

"ரொம்ப நல்ல மருந்துங்களா டாக்டர்?"

"மருந்துன்னு சொல்லாதீங்கோ. இது மருந்தே இல்லை. சப்ளிமெண்ட்."

அந்த வார்த்தை என் வாயில் நுழைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு டப்பாவில் வருவதெல்லாம் மருந்துதான். ஈரம் படாமல் டப்பாவை அடுப்படி அலமாரியில் வைத்து, தவிட்டில் வெல்லம் போட்டுப் பிசைந்து தினமும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து டாக்டருக்கு ஹாலிலிருந்து போன் போட்டேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசியது இவ்வளவுதான்:

"டாக்டர், மருந்து வச்சு ஒரு வாரம் ஆவுது. இன்னும் அடங்க மாட்டேங்குறான்... சாப்பாட்டுலதான் கலந்து வைக்கிறேன். வெல்லம் போடுறனா, தெரியாம நக்கித் தின்னுடுறான்... எங்கங்க, கிட்டப் போனாலே எத்துறான். நேத்து தோள்பட்டையக் கடிச்சிட்டான்... சரிங்க, இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போடுறேன். எப்படியாவது அவன் எனக்கு அடங்கினாப் போதும்."

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மாமியார் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, நேரே போய் ஸ்டான்லியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் புள்ள ஏன் வாயே திறக்கலைன்னு இப்பதான்டா தெரியுது. எந்திரி, மங்களூருக்குப் போவலாம்." மங்களூர் என்றால் கர்நாடகம் இல்லை, எங்கள் திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூர். அங்கே வீராயி என்று ஒரு அம்மா வைத்த மருந்தை எடுக்கிறவர். ஸ்டான்லியும் கிளம்பிப் போயிருக்கிறார்! "ஏங்க, நீங்க எதுக்குப் போனீங்க?" என்று பிற்பாடு கேட்டேன். "அம்மா கூப்பிட்டாங்க" என்றார். இந்த மனுஷனை நான் மருந்து வைத்து வேறு அடக்கினேனாம்.

வீராயி ஒரு குழலை அவர் வயிற்றில் வைத்து உறிஞ்சி, பஞ்சு உருண்டை மாதிரி எதையோ தட்டில் துப்பிக் காட்டியிருக்கிறார். "பாதிதான் வந்துருக்குது. மிச்ச மருந்து உங்க வூட்லயே இருக்குது. அது வச்சவ வயித்துக்கே போவணும். அப்பத்தான் கட்டு வுடும், உம்புள்ள வாயத் திறப்பான்" என்று சொல்லியிருக்கிறார்.

வீடு திரும்பிய மாமியார் என் டப்பாவில் இருந்த பவுடரை ஒரு காலி பாட்டிலில் கொட்டிப் மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். டப்பா காலியாக இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் அல்லவா? யூனிட்டுக்குப் போய் பொம்மைக்கு வைத்திருக்கும் வெள்ளைக் களிமண் தூளை அள்ளிவந்து டப்பாவை ரொப்பிவிட்டார். இரண்டும் ஒரே வெள்ளை. எங்கள் ஊரில் காக்கா மேலேகூட அந்த வெள்ளை படிந்திருக்கும், நான் எங்கே கண்டேன்?

மறுநாள் காலையில் மாமியார் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு! ஒரு சொட்டுத் தண்ணீர் மொண்டு தராத மகராசி, டபரா டம்ளரில் ஆற்றி, "குடி தாயி" என்கிறார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் கண் கலங்கி வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பாசத்துக்கு முன்னால் வாசனையெல்லாம் ஒரு விஷயமா?

இப்படித்தான் தினமும் குதிரை மண்ணைத் தின்றது, குதிரையின் பவுடரை நான் குடித்தேன்.

அது மனுஷர்களுக்கு என்ன செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லையாம், டாக்டர் பிறகு சொன்னார். என்னைக் கேட்டால் நான் சொல்வேன். முதலில் வயிறு இளகியது, அப்புறம் மனசு இளகியது. பால்காரன் பாலுக்குப் பதில் தண்ணீரைக் கொண்டுவந்தான். "பரவால்லப்பா, வெயில் காலம்" என்றேன். அவன் பயந்துபோய் மறுநாள் சுத்தமான பால் கொண்டுவந்தான். வேலையாள் ஒரு தட்டு ஆட்டிடையர்களைக் கீழே போட்டு உடைத்தான். "அவங்களுக்கு ஆயுசு அவ்ளோதான்" என்றேன். நான் கண் எழுதிய மாதாவும் சூசையப்பரும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, "ஃப்ளோராகிட்ட என்ன ஒரு சாந்தம்!" என்று மெச்சினார். வீடு அமைதியாக இருந்தது. யூனிட்டும் அமைதியாக இருந்தது. யாரும் சந்தோஷமாக இருந்ததாகத்தான் ஞாபகம் இல்லை. ஸ்டான்லி சும்மா சும்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

பேசின் மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. லாயத்துக் கதவை உதைத்தது, தன் வாலையே கடித்தது. நானும் கரண்டி கரண்டியாகக் கூட்டிக்கொண்டே போனேன். எல்லாம் களிமண்.

கல்யாண நாள் வந்தது. மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் கவுஸ் பாயின் பையன் பூச்சரத்தால் முகம் மறைத்துக் குதிரைமேல் உட்கார்ந்தான். உறவுக்கூட்டம், பேண்டு, அத்தர் வாசனை எல்லாம் பிரமாதம். பேண்டுக்காரன் இரண்டு தாளத்தட்டையும் ஓங்கி ஒரு மோது மோதினான். அவ்வளவுதான். குதிரையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஊர்வலமாகப் போக வேண்டிய பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே பிரியாணி இன்னும் தம்முக்கே போகவில்லை. பெண் தலைகூடப் பின்னவில்லை. பையனுக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் யார் என்ன கேட்டாலும் "பிரேக் இல்ல, பிரேக் இல்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"யா அல்லா! மாப்புள்ள அழைப்புன்னா அழைச்சிக்கிட்டுப் போவணும் தங்கச்சி, தூக்கிக்கிட்டு ஓடக் கூடாது" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார் கவுஸ் பாய்.

"நீங்க சொல்றது நியாயம்தான் பாய்" என்றேன்.

அன்று சாயங்காலம் ஸ்டான்லி என் எதிரில் வந்து நின்றார். "மாணிக்கவேலு நாளைக்கு வண்டி அனுப்புறேங்குறான். குடுத்துடலாமா?"

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க" என்றேன்.

ஸ்டான்லி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் போய்விட்டார். மறுநாள் மினி லாரி வந்தது. பேசின் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் கையை ஆட்டி டாட்டா காட்டினேன்.

அது போன அன்றோடு மாமியாரின் பாட்டிலும் தீர்ந்துபோனதாம். இரண்டு மூன்று நாளில் எனக்குள் என்னவோ நமநமவென்றது. பேப்பர்காரனை ஒரு முறை முறைத்தேன். பால்காரனிடம் "என்னாய்யா இது?" என்றேன். காலியான லாயத்தை எட்டி எட்டிப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் வெந்நீர் அடுப்பில் மாமியார் காய்ந்த குதிரை லத்தியைப் போட்டு எரித்திருந்தார். வீணாகக் கூடாதாம். சாம்பல் அள்ளப் போனவளுக்குக் கையில் கெட்டியாக என்னவோ தட்டுப்பட்டது. வெள்ளை வெளேரென்று கொழுக்கட்டை மாதிரி உருண்டைகள். எடுத்து நகத்தால் சுண்டினேன். டிங் என்றது.

எத்தனை வருஷமாகப் பொம்மையைச் சுண்டிப் பார்த்து வேக்காடு சொல்கிறவள் நான். இது நம் களிமண். இது குதிரை வயிற்றில் எப்படிப் போனது? டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். அதேதான்.

"அத்த! என் டப்பாவுல களிமண்ணக் கொட்டுனது யாரு?"

மாமியார் கொஞ்சமாவது பயப்பட வேண்டுமே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான்தான்டி கொட்டுனேன். நீ என் புள்ளைக்கு வச்ச மருந்த எடுத்து உனக்கே காபியில வச்சேன். பெத்த வயிறு எரியாதா? நீ போன்ல பேசுனத என் காதால கேட்டேன்."

"அடிப்பாவி அத்த! அது குதிரைக்கு!"

"குதிரைக்கு யாராச்சும் மருந்து வைப்பாளா? குதிரை என்னா உன்ன மீறிப் பேசுச்சா?"

அப்போது வந்தது பாருங்கள் எனக்கு. இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததெல்லாம் வட்டியோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து யூனிட்காரர்கள் சூளையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டுவிட்டு, அழுதேன். பேசினுக்கு டாட்டா காட்டினேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஸ்டான்லி ஓடிவந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு அது இன்னும் எரிந்தது.

"நீங்களாவது குதிரைய அனுப்ப வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ குதிப்பேன்னு நினைச்சேன், ஃப்ளோரா" என்றார். "நீ குதிச்சா மாணிக்கவேலுகிட்ட என் பொண்டாட்டி வுட மாட்டேங்குறான்னு சொல்லிடலாம்னு இருந்தேன். எனக்கும் அவன அனுப்ப மனசில்ல. நீ சரின்னுட்ட. அதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியல."

நான்தான் பேசுகிறேன், இந்த மனுஷன் சும்மா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் சேர்த்துத்தான் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறினோம்.

மாணிக்கவேல் வீட்டுக் கொல்லையில் பேசின் நின்றது. முன்னங்கால் இரண்டும் கயிற்றால் கட்டியிருந்தது. கிட்டப் போகும் முன்பே பிராந்தி வாடை. கட்டிய காலோடு தத்தித் தத்திச் சுற்றிக்கொண்டே இருந்தது. வாயில் நுரை. என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கொல்லைப் படலிலிருந்தே ஆரம்பித்தேன்.

"டேய் மாணிக்கவேலு! கட்டையில போறவனே! வாயில்லாத சீவனுக்குக் குடிக்க ஊத்துறியே, நீ வெளங்குவியா?"

பேசின் நின்றது. காதைத் தூக்கியது. என் பக்கம் திரும்பி, அச்சில் வார்த்த பொம்மை மாதிரி அசையாமல் நின்றது.

மாணிக்கவேல் வாயைப் பிளந்தான். "அக்கா, வந்த நாள்லேர்ந்து இது ஒரு நிமிசம் நிக்கலக்கா. இப்ப எப்படி நிக்குது?"

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். பேசின் மறுபடி காலைத் தேய்க்க ஆரம்பித்தது.

"நிறுத்தாத, ஃப்ளோரா" என்றார் ஸ்டான்லி, கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டே.

மாணிக்கவேலைத் திட்டினேன். அவனுடைய பேண்டு செட்டைத் திட்டினேன். விஷயம் தீர்ந்துபோனது, அவன் அப்பாவுக்குப் போனேன். பேசின் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, எங்கப்பாவ எதுக்குக்கா இதுல—"

"குறுக்கப் பேசாதடா!" என்று ஒரு சத்தம். கொல்லையே அதிர்ந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தால் ஸ்டான்லி. முகம் சிவந்து, கையில் கயிற்றோடு நிற்கிறார். "என் பொண்டாட்டி திட்டிட்டு இருக்கா இல்ல? வாய மூடு!"

மாணிக்கவேல் வாயை மூடினான். "ஓட்டிக்கிட்டுப் போங்கண்ணே, ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று மாணிக்கவேலே அதே மினி லாரியில் ஏற்றிவிட்டான். வழி நெடுக நான் பின்னால் நின்றுகொண்டு கரண்ட் ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

குஞ்சிதபாதம் டாக்டரிடம் சொன்னபோது அவர்தான் விளக்கினார். ரேஸில் கேட் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். முடிகிற இடத்தில்தான் ஜனங்கள் எழுந்து நின்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்கு அப்புறம்தான் குதிரையை நிறுத்தித் தட்டிக் கொடுப்பார்கள். "உங்க சத்தம் அதுக்கு, முடிஞ்சுது, இனிமே நிக்கலாம்னு அர்த்தம்மா" என்றார். ஆக முதல் நாள் குழந்தை இயேசுவைக் காப்பாற்றியது அந்தோணியார் இல்லை, நான்தான். மெழுகுவத்தியைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

கவுஸ் பாயின் இளைய பையன் கல்யாணத்தில் பேசின் அன்னநடை போட்டது. பக்கத்திலேயே நான் நடந்து, பெண் வீடு வரைக்கும் என் மாமியாரைக் கல்யாணமான நாளிலிருந்து வரிசையாகத் திட்டிக்கொண்டு போனேன். பேண்டுக்கு நடுவில் அது நன்றாகவே இருந்ததாம். கிறிஸ்தவர்கள் குதிரை கொண்டுவந்தால் இப்படி ஒரு சடங்கு செய்வார்கள் போலிருக்கிறது என்று பாய் வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மாமியாரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஸ்டான்லி திட்டக்குடியில் கத்தியதைக் கேள்விப்பட்டதும் வீராயிக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "பாத்தியா, மருந்து வெளிய வந்ததும் என் புள்ள வாயத் திறந்துட்டான்." நான் மறுக்கவில்லை. காபியை மட்டும் நானே போட்டுக்கொள்கிறேன்.

முந்தாநாள் நான் பிள்ளையாருக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். டமார் என்று சூளைக்கதவு சத்தம். லாயத்தில் உதை விழ ஆரம்பித்தது. மாமியார் மூச்சு வாங்க ஓடிவந்து என் எதிரில் நின்றார்.

"ஏ ஃப்ளோரா, உன் குதிரை ஆட ஆரம்பிச்சிடுச்சி. கண்ணு அப்புறம் எழுதலாம். வந்து என்னை நாலு திட்டு திட்டு."

"எதுக்குன்னு திட்டுறது அத்த?"

"எதுக்காச்சும் திட்டு தாயி. நான் செஞ்சது ஒண்ணா ரெண்டா?" என்று சொல்லிவிட்டு, லாயத்துக்கு நேராகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, காபியிலிருந்து ஆரம்பித்தேன்.